பாட்டு வாத்தியாரிடம் ஆங்கிலம்

திருமலையில் மார்கழி பிறந்ததும் சுப்ரபாதத்துக்கு ஓய்வு. அந்த மாதம் முழுக்க ஆண்டாளின் திருப்பாவைதான். தமிழ் எழுத்தே அறியாத தெலுங்குப் பெண்கள்கூட, தெலுங்கு லிபியில் அச்சிட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு முப்பது பாட்டையும் பாடிவிடுகிறார்கள். தியாகராஜர் கீர்த்தனைகளைத் தமிழில் எழுதிவைத்துப் பாடுபவர்களும் இந்தப் பக்கம் ஏராளம். இவர்களில் எத்தனை பேரால் அடுத்தவர் மொழியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க முடியும்?

பாப் பாட்டுக் கேட்டே ஆங்கிலம் படித்துவிடலாம் என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் இது வெறும் பொழுதுபோக்கு விவாதமும் அல்ல. ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954இல் வந்ததிலிருந்தே திருப்பதி படிப்பு நகரம். நகரி, சத்தியவேடு பக்கமிருந்து வரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. மூன்றாவது மொழிதான் நேர்முகத் தேர்வில் நாக்கைக் கட்டிப்போடுகிறது. எழுத்துத் தேர்வில் தேறிய பையனும், எதிரே இருப்பவர் வேகமாகக் கேட்கும் கேள்வி காதில் ஏறாமல் விழிக்கிறான். வேலை போகிறது.

பாட்டு நிச்சயமாக உதவும் இடம் இந்தக் காதுதான். 'பஸ்' நமக்கும் 'பஸ்ஸு', தெலுங்கருக்கும் 'பஸ்ஸு'. 2011இல் தனுஷின் 'ஒய் திஸ் கொலவெறி டி' உலகைச் சுற்றியபோது, அதன் பாதிச் சுவை ஆங்கிலச் சொற்களுக்கு ஒட்டிய இந்த உகர வாலில் இருந்தது. நாம் ஒவ்வோர் அசைக்கும் ஏறக்குறைய சம இடம் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலேயர் ஓர் அசையை அழுத்திவிட்டு மற்றவற்றை விழுங்குவார்கள். பாட்டில் தாளம் பெரும்பாலும் அந்த அழுத்தத்தில்தான் விழும். வாலை ஒட்டிப் பாடினால் உடனே தாளம் தப்பும். வேறு எந்த வாத்தியாரும் இவ்வளவு சீக்கிரம் தவறைக் காட்டமாட்டார்.

தொடங்க நல்ல பாட்டு, ஹிட்ச்காக் படத்துக்காக டோரிஸ் டே 1956இல் பாடிய 'கே செரா செரா'. நிதானமான நடை, கதை இறந்தகாலத்தில், கேள்விகள் எதிர்காலத்தில். (தலைப்பு மட்டும் ஆங்கிலம் அல்ல!) நமக்கு அந்நியமும் அல்ல. 1957இல் 'ஆரவல்லி'யில் ஜிக்கியும் ஏ.எம். ராஜாவும் அந்த மெட்டைத் தமிழில் பாடினார்கள். 1965இல் 'தோடு நீடா' தெலுங்குப் படத்தில் பானுமதி ஆங்கிலத்திலேயே பாடினார். இன்றைய பிள்ளைகளுக்கு பியான்சேயின் 'இஃப் ஐ வேர் எ பாய்' (2008) இருக்கிறது. 'ஐ'க்குப் பின் 'வாஸ்' வராமல் 'வேர்' ஏன்? நடக்காத ஒன்றைக் கற்பனை செய்வதால். தலைப்பே ஒரு பாடம்.

ஆனால், பாட்டு இலக்கணத்தை மீறவும் செய்யும். ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' (1965) முழுத் தலைப்பில் எதிர்மறை இரண்டு. தமிழில் 'இல்லாமல் இல்லை' என்றால் உண்டு என்று பொருள். அங்கே இரண்டு 'இல்லை'யும் சேர்ந்து அழுத்தமான இல்லை! பாப் டிலனின் 'லே லேடி லே' (1969) பாடநூல்படி 'லை' என்றிருக்க வேண்டும். 'கோயிங் டு' என்பது 'கன்னா' ஆவது, தஞ்சாவூர் தஞ்சையானது போன்ற மரூஉ. பாட்டில் அழகு, வேலை விண்ணப்பத்தில் எழுதினால் வினை.

அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பிரிஜ் கோத்தாரி, 1996 முதல் ஒரே யோசனையை வலியுறுத்திவந்தார்: திரைப்பாட்டு ஒலிக்கும்போது அதே மொழியில் வரிகளும் திரையடியில் ஓடட்டும். தூர்தர்ஷனின் 'சித்ரஹார்' வரை அது போனது. தாய்மொழி வாசிப்புக்காகச் செய்த ஏற்பாடு என்றாலும், ஆங்கிலத்துக்கும் கைகொடுக்கும் என்பது என் கருத்து.

அச்சிட்ட வரிகளை உடனே பார்க்காதீர்கள். காதில் விழுந்ததை எழுதுங்கள். புரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். கடைசியாகப் பாட்டை நிறுத்திவிட்டு, அதன் கதையைச் சொந்த ஆங்கிலத்தில் பக்கத்து அறை நண்பனுக்குச் சொல்லுங்கள். திணறுகிற வாக்கியத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, மறுநாள் அங்கிருந்து ஆரம்பியுங்கள்.