எந்த ஊர் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம்?

உங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதாக இராது. பிள்ளை ஒரு வசனத்தை உரக்க வாசிக்கிறது. யாரோ ஒருவர் சிரித்துவிடுகிறார். அன்றோடு அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. நம் நாட்டுச் சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’, அதாவது வாள், என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ‘நொட்’, ‘பொட்’ போன்ற சொற்களின் ஒலி சற்றுப் பிசகினால் போதும், ‘நொட்-பொட் இங்கிலிஷ்’ என்று கேலி செய்ய ஆள் இருக்கிறது. அந்த வாள் பெரும்பாலும் வெட்டுவது உச்சரிப்பில்தான்.

சரி, ஆங்கிலேயரின் சொந்த நாட்டிலாவது எல்லோரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்களா?

இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சுக்கூடம் நிறுவிய வில்லியம் கக்ஸ்டன், 1490இல் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தேம்ஸ் நதியில் கப்பலேறிய வியாபாரிகள் சிலர், காற்று வீசாததால் கரையில் தங்க நேர்ந்தது. அவர்களில் ஒருவர் ஒரு வீட்டுக்குப் போய் ‘எக்ஸ்’ வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்காரப் பெண்ணோ தனக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது என்று சொல்லிவிட்டாள். வியாபாரிக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாதே! பிறகு இன்னொருவர் ‘ஐரன்’ என்று கேட்டார். அது அவளுக்கு உடனே விளங்கியது. இரண்டும் முட்டைதான். ‘ஐரன்’ தெற்குப் பகுதியின் பழைய சொல். ‘எக்’ என்பது வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்கண்டிநேவிய மக்கள் கொண்டுவந்தது. கடைசியில் நிலைத்தது வந்தேறிகளின் சொல்தான். (அந்தப் பெண் முட்டை கொடுத்தாளா என்பதைக் கக்ஸ்டன் சொல்லவில்லை.)

அச்சு இயந்திரம் எழுத்து மொழியை ஒருவாறு ஒன்றாக்கிற்று. ஆனால் அடுக்களைக்குள் அது நுழையவில்லை. 1950 தொடக்கம் 1961 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹரல்ட் ஓர்ட்டன் தலைமையில் ஆய்வாளர்கள் 313 இடங்களுக்குச் சென்றார்கள். 1,300க்கு மேற்பட்ட கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் வயோதிப விவசாயிகளிடம் கேட்டு, ஊருக்கூர் மாறும் சொற்களையும் ஒலிகளையும் எழுதிக்கொண்டார்கள். நம் மலைநாட்டுத் தேயிலையும் போய்ச் சேரும் அந்த வீடுகளில், தேநீர் தயாரிப்பதற்குக்கூட ஒரு சொல் இல்லை. பல இடங்களில் ‘ப்ரூ’ என்பார்கள். டேர்பிஷயர் பக்கத்தில் அது ‘மேஷ்’. ஸ்கொட்லாந்து எல்லையை நெருங்கினால் ‘மாஸ்க்’. தேநீரோடு சாப்பிடும் சிறிய பணிஸைப் பாருங்கள். மன்செஸ்டர் பக்கத்தில் ‘பாம்’, நொட்டிங்ஹமில் ‘கொப்’, கொவென்ட்ரியில் ‘பெச்’. ஒரு ஊர்க்காரி அடுத்த ஊர்க் கடையில் போய்க் கேட்டால் முழிக்க வேண்டியதுதான்.

இவை சொற்கள். ஒலியின் வேற்றுமை இன்னும் அதிகம். இலண்டன்காரர் ‘கப்’ என்பதை யோர்க்ஷயர்காரர் ‘குப்’ என்பது போலச் சொல்வார். நியூகாசிலின் பழைய பேச்சில் ‘ஹவுஸ்’ ‘ஹூஸ்’ ஆகிவிடும். இலண்டனின் கிழக்குப் பகுதித் தொழிலாளர் வாயில் அதே சொல் தலையெழுத்தை இழந்து ‘அவுஸ்’ ஆகும். ‘கார்’ என்ற சொல்லின் கடைசி ‘ர்’ ஒலியை அழுத்திச் சொன்னால் அது கிராமத்து ஆங்கிலம் என்று நம் பிள்ளைகளைத் திருத்துவோர் உண்டு. ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் இங்கிலாந்தின் தென்மேற்கிலும் அந்த ‘ர்’ நன்றாகவே கேட்கிறது. அமெரிக்கரிலும் பெரும்பாலோர் அதை விடுவதில்லை. வளைகுடா நாடுகளில் இருந்து வந்த சகோதரிகளுக்கு இது ஆச்சரியமாக இராது. கெய்ரோக்காரர் ‘ஜீம்’ எழுத்தைக் ‘காந்தி’யின் முதல் எழுத்துப் போல ஒலிப்பதை அவர்கள் கேட்டிருப்பார்கள்.

அப்படியானால் வகுப்புகளில் ‘சரியான உச்சரிப்பு’ என்று சொல்லித்தருவது யாருடையது? டேனியல் ஜோன்ஸ் என்ற ஒலியியல் அறிஞர் 1917இல் ஓர் உச்சரிப்பு அகராதி வெளியிட்டார். அதில் அவர் எடுத்துக்கொண்ட உச்சரிப்பு, விடுதியில் தங்கிப் படிக்கும் உயர்குடிப் பாடசாலைகளில் பிள்ளைகளை வளர்த்த குடும்பங்களுடையது. ஊர்ப்பெயர் சொல்ல முடியாத உச்சரிப்பு அது. பணத்தின் பெயர் சொல்லலாம். பீற்றர் ட்ரட்கில் என்ற மொழியியலாளர் 1974இல் கணித்தபடி, பிரித்தானியாவில் அப்படிப் பேசியோர் நூற்றுக்கு 3 பேர்தான். மீதி 97 பேரையும் யார் திருத்துவது?

பி.பி.சி. வானொலியும் நெடுங்காலம் அந்த மூன்று பேரின் உச்சரிப்பிலேயே செய்தி வாசித்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, 1941இல், யோர்க்ஷயர்காரரான வில்பிரட் பிக்கிள்ஸ் நாடு முழுவதற்கும் செய்தி வாசிக்க அழைக்கப்பட்டார். அவர் வடபுல வழக்கில் ‘குட் நீட்’ என்று இரவு வணக்கம் சொன்னார். கேட்ட பலருக்கு அது பொறுக்கவில்லை. செய்தி அதே செய்திதான், குண்டு விழுந்த இடமும் அதே இடம்தான். ஆனாலும் மனிதனின் காது அப்படிப்பட்டது. 1970களில் ஹவார்ட் ஜைல்ஸ் என்ற உளவியலாளர், ஒரே ஆளை ஒரே விடயத்தைப் பற்றி இரண்டு உச்சரிப்புகளில் மாணவர்முன் பேசச்செய்து பார்த்தார். உயர்குடி உச்சரிப்பில் பேசியபோது அறிவாளி என்று மதித்தவர்கள், பேர்மிங்ஹம் உச்சரிப்பில் பேசியபோது குறைத்தே மதித்தார்கள். நம் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பவரும் இதைத்தான் செய்கிறார்.

இதைப் படித்துவிட்டு, “எப்படியும் பேசலாம், எப்படியும் எழுதலாம்” என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். பரீட்சைத் தாளிலும் தொழில் விண்ணப்பத்திலும் இலக்கணமும் எழுத்துக்கூட்டலும் பொது வழக்கில்தான் இருக்க வேண்டும். அதில் பிழை பிழைதான், கண்டிப்பாகத் திருத்துங்கள். பேச்சில், கேட்பவருக்கு விளங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். விளங்காத இடத்தைச் சிரிக்காமல் எடுத்துச் சொல்லுங்கள். ‘நொட்’டும் ‘பொட்’டும் பேசப்பேசத் தாமாக வழிக்கு வரும். வராவிட்டாலும் பாதகமில்லை.

மார்கரெட் தட்சர் அம்மையாரை நினைவிருக்கும். லிங்கன்ஷயரில் கிரான்தம் என்ற ஊரில் பலசரக்குக் கடைக்காரரின் மகளாகப் பிறந்தவர். குரலுக்கென்றே பயிற்சி பெற்று, உயர்குடியினர் போலப் பேசப் பழகியவர். 1983 ஏப்ரலில் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் தேர்தலுக்குப் பயப்படுகிறார்கள் என்று சாடினார். பயம் என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள பொதுச் சொற்களைச் சொல்லிக்கொண்டு வந்தவர், சூடு ஏறிய கணத்தில் ‘ஃப்ரிட்’ என்றார். கிரான்தம் தெருக்களில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பயந்தாங்கொள்ளி என்று சீண்டச் சொல்லும் சொல் அது.