ஆறு சிலிண்டர் கோபுரம்

பழைய படகு இன்ஜினை வேகமாக்கித் தரச் சொல்லி வருபவர்கள், எடுத்த எடுப்பிலேயே பெரிய கார்புரேட்டர் போடலாமா என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதற்கு முன் கம்ப்ரஷன் கேஜை எடுத்து ஒவ்வொரு சிலிண்டராக அளந்துவிடுவேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வின்னபேகோ ஏரிப் பக்கம். 1939-இல் கார்ல் கீக்ஹேஃபர் தொடங்கிய மெர்க்குரி கம்பெனியின் மண் இது. 1957-இல் அவர் ஆறு சிலிண்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 60 குதிரைத்திறனில் மார்க் 75 என்ற அவுட்போர்டு இன்ஜினைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஃப்ளோரிடா ஏரி ஒன்றில், ஓடும் படகிலேயே பெட்ரோல் நிரப்பி, இரவு பகலாக 25,000 மைல் ஓட்டியும் காட்டினார். அந்த வம்சம் 1970-களில் 150 குதிரைத்திறன்வரை வளர்ந்தது. நெட்டையாக, கறுப்பாக நிற்கும் இவற்றை இங்கே ‘சக்திக் கோபுரம்’ என்பார்கள். எனக்கு இவற்றின்மேல் தனிப் பிரியம்.

இந்த வரிசையில் 115 குதிரைத்திறன் இன்ஜினும் 150-உம் ஒரே 1635 சிசிதான். காற்று வரும் வழி, புகை போகும் வழி போன்றவற்றில்தான் வித்தியாசம். அதனால் 115 வைத்திருப்பவருக்கு ஆசை வருவது நியாயமே.

இது டூ-ஸ்ட்ரோக். சிலிண்டரில் வால்வுக்குப் பதில் சுவரில் துவாரங்கள். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அவை மூடித் திறக்கும். புகைத் துவாரத்தின் மேல் விளிம்பைக் கொஞ்சம் அராவினால் அது முன்கூட்டியே திறக்கும், உச்ச வேகத்தில் இன்ஜின் பறக்கும். ஆனால் மெதுவாக ஓடும்போது பிஸ்டனை முழுக்கத் தள்ளும் முன்பே அழுத்தம் வெளியேறிவிடும். நாலு பேர் ஏறிய படகு தண்ணீரைவிட்டு மேலெழத் திணறும். அராவிய உலோகத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

பைக் மெக்கானிக்குகளின் வழக்கமான வைத்தியம், ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷனை ஏற்றுவது. இதில் அது நடக்காது. ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. கேஸ்கெட் ஊதிப்போகும் தொல்லையே இல்லாத அருமையான ஏற்பாடு.

போன மாதம் பிரித்த ஒன்றில் மூன்றாவது, நான்காவது ஸ்பார்க் பிளக்குகள் மட்டும் வெளுத்திருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பீங்கானில் ஊசிமுனை அளவு வெள்ளிப் புள்ளிகள். உருகித் தெறித்த பிஸ்டன் அலுமினியம் அது. மூன்று கார்புரேட்டரில் ஒவ்வொன்றும் இரண்டிரண்டு சிலிண்டருக்கு ஊட்டுகிறது. நடுக் கார்புரேட்டரின் ஜெட்டில் காய்ந்த பெட்ரோல் பிசின். பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, இரண்டும் வெந்துகொண்டிருந்தன. அந்த நிலையில் வேகத்தைக் கூட்டியிருந்தால் ஒரே ஓட்டத்தில் பிஸ்டன் ஓட்டையாகியிருக்கும்.

எல்லாச் சிலிண்டரையும் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், புது ரீடு வால்வு, தண்ணீர் பம்புக்குப் புது இம்பெல்லர் போட்டேன். துவாரங்களில் வார்ப்புப் பிசிறை மட்டும் வழித்தேன், உயரத்தைத் தொடவில்லை. உரிமையாளர் கேட்ட வேகத்தில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிட்டது. மீதிக்கு ப்ரொப்பெல்லரை மாற்றினோம். பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், ஒரு அங்குலம் குறைந்தால் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று கூடும்.

ரிங் படியும்வரை பெட்ரோலில் 25-க்கு 1 ஆயில் கலக்கச் சொல்லியிருக்கிறேன். அதன்பிறகு 50-க்கு 1. பெரிய கார்புரேட்டர் பேச்சை அவர் இன்னும் எடுக்கவில்லை.