மலைப்பனியிலும் பாலக்காட்டு வெயிலிலும் கோணாத மரக் கடிகாரம்

மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. கருங்கல்லின் மேல் வைக்கப்பட்டிருக்கும் அதைச் செய்த ஆண்டு 1913. செய்த இடம், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள நாசரேத் கலைத் தொழிற்பள்ளி. கொழுந்து பறிக்கும் கைகள் மட்டுமல்ல, மணி பார்க்கும் கருவியும் தமிழ்நாட்டிலிருந்தே இந்த மலைக்கு வந்தது.

சூரியக் கடிகாரத்தின் மணியும் கைக்கடிகாரத்தின் மணியும் ஒன்றாக இராது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மூணாறு இருப்பதோ ஏறத்தாழ 77 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், சராசரியாக 22 நிமிடம் வித்தியாசம் வரும். பனி மூடிவிட்டால் மணியே தெரியாது.

இன்று லயத்து வீட்டுச் சுவரிலும், பாலக்காட்டு வாடகை அறையிலும் பிளாஸ்டிக் கடிகாரம் ஓடுகிறது. அந்த இடத்தில் தன் கையால் செய்த மரக் கடிகாரம் ஒன்றை மாட்டலாம். பெரிய பட்டறை தேவையில்லை. விடுமுறை நாட்களும் பொறுமையும் போதும். ஆனால் மரத்தின் குணம் தெரியாமல் இறங்கினால் அத்தனை உழைப்பும் ஒரே மழைக்காலத்தில் வீணாகிவிடும்.

ஓடுவது எது?

கடிகாரத்தை ஓட்டும் பகுதியைச் செய்ய வேண்டியதில்லை. 'குவார்ட்ஸ் மெஷின்' என்று கேட்டால் கடிகாரக் கடைகளில் கிடைக்கும். ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் சதுரமுள்ள சிறு பெட்டி அது. 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றில் ஓடும். உள்ளே இருக்கும் சிறு படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மின்சுற்று அதைப் பதினைந்து தடவை பாதி பாதியாகக் குறைத்து, விநாடிக்கு ஒரு துடிப்பாக்கி முள்ளை நகர்த்துகிறது.

வாங்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது நடுவிலுள்ள தண்டின் நீளம். முகப்புப் பலகையின் கனத்தைத் தாண்டி, நட்டு முடுக்கவும் முள் மாட்டவும் இடம் வேண்டும். பலகையை முதலில் அளந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. மரத்தில் முள் செய்து மாட்டும் ஆசை பலருக்கு உண்டு. மெஷினின் வலு மிகக் குறைவு. கனமான முள்ளை மாட்டினால் ஏறுமுகத்தில், அதாவது 9 மணிப் பக்கத்தில், முள் திணறி நின்றுவிடும்.

எந்த மரம்?

தேக்கு, பலா, ஈட்டி ஆகியவை உறுதியானவை. தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரமும் இதற்கு ஆகும். அறுக்க எளிது, இழைத்தால் அழகான பளபளப்புப் புள்ளிகள் தெரியும். பழகுகிறவர்களுக்கு 6 மில்லிமீட்டர் பிளைவுட்டே சிறந்தது. ஒருகாலத்தில் தேயிலை, பிளைவுட் பெட்டிகளில்தான் கப்பலேறியது.

தோட்டத்தில் சாய்ந்து கிடக்கும் மரம்தானே என்று எடுத்துவரக் கூடாது. அது நிர்வாகத்தின் சொத்து. மறையூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் சந்தனத் துண்டைத் தொடவே வேண்டாம். அனுமதியில்லாத சந்தனம் வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். தேக்கு, ஈட்டிப் பலகை கடையில் வாங்கினாலும் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். சின்னாறு, போடிமெட்டு வழியாக ஊருக்குப் பலகையை எடுத்துச் செல்லும்போது அந்தக் காகிதம்தான் துணை.

பனியும் காற்றும்

பாலக்காட்டுக் கணவாய் மலைத்தொடரில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளி. மார்ச், ஏப்ரல் மாதங்களில் அங்கே காற்று வறண்டு, வெயில் 40 டிகிரியைத் தொடும். மூணாறோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் துணிகூடக் காயாது.

மரம் இந்த இரண்டுக்கும் ஏற்ப அசையும். ஈரத்தை இழுத்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இந்த அசைவு மரத்தின் ரேகை ஓடும் நீளவாக்கில் மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் அதிகம். ஒரு சாண் அகலமுள்ள பலகை ஓரிரு மில்லிமீட்டர் வரை மாறக்கூடும். முழுப் பலகை என்றால் கடிகாரம் எந்த ஊரில் தொங்கப் போகிறதோ அந்த ஊர்க் காற்றில், வீட்டுக்குள், சில வாரங்கள் வைத்துப் பிறகு அறுக்க வேண்டும். பிளைவுட்டில் ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

வரைவதும் அறுப்பதும்

முதலில் காகிதத்தில் படம் வரைய வேண்டும். கவராயத்தால் வட்டம் போட்டு, அதே அளவைக் கொண்டு வட்டத்தின் மேல் அடி வைத்துப் போனால் ஆறு புள்ளிகள் விழும். ஒவ்வொரு இடைவெளியையும் பாதியாக்கினால் பன்னிரண்டு மணிகளும் கிடைத்துவிடும். சுற்றிலும் மாவிலை, மயில், கோலக் கொடி என்று விருப்பம்போல் அமைக்கலாம். படத்தைப் பலகையின் மேல் ஒட்ட வேண்டும். நீண்டு மெலிந்த கொடிகள் மரத்தின் ரேகையோடு ஓடும்படி ஒட்டுவது அவசியம். குறுக்கே ஓடினால் கை பட்டாலே ஒடியும்.

பூவேலை அறுக்கும் எந்திரத்துக்கு 'ஸ்க்ரோல் சா' என்று பெயர். நூல் போன்ற மெல்லிய பிளேடு மேலும் கீழுமாக ஓடும். அதன் நீளம் ஏறத்தாழ 5 அங்குலம். பற்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, விறைப்பாக முடுக்க வேண்டும். பிளேடு நின்ற இடத்திலேயே ஓடுகிறது. பலகையைத்தான் திருப்ப வேண்டும். எந்திரம் இல்லாதவர்கள், பொற்கொல்லர் கையில் இருப்பது போன்ற வளைந்த சட்டத்தில் மெல்லிய பிளேடு மாட்டிய கைரம்பத்தால் இதே வேலையைச் செய்யலாம். நேரம்தான் கூடும்.

உள்ளே வெட்டி எடுக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் சிறு துளையிட்டு, அதன் வழியே பிளேடை நுழைத்து மாட்டி அறுக்க வேண்டும். உள்வேலை முழுவதும் முடிந்த பிறகே வெளிவட்டம். முதலிலேயே வெளிவட்டத்தை அறுத்துவிட்டால் பிடிக்க இடமில்லாமல் பலகை துள்ளும். பிளேடைத் தள்ளி அவசரப்படுத்தினால் அது அறுந்துபோகும், மரமும் கருகும். மூக்கில் துணி, கண்ணில் கண்ணாடி இல்லாமல் உட்காரக் கூடாது. தேக்குத் தூள் சிலருக்கு அரிப்பும் இருமலும் தரும்.

அறுத்த பின் உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் பூச வேண்டும். முன்பக்கம் மட்டும் பூசிவிட்டுப் பின்பக்கத்தை விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. பூசாத பக்கம் ஈரத்தை வேகமாக இழுக்கும். பலகை அப்பளம் போல் கோணும். இரண்டு பக்கமும், அறுத்த விளிம்புகளும் ஒன்றுபோல் பூச்சு பெற வேண்டும். மழைக்காலத்தில் சுவரோடு ஒட்டாமல், பின்னால் இரண்டு தக்கைத் துண்டுகள் வைத்து மாட்டினால் காற்று புகும்.

கையெழுத்து

அலங்காரக் கடிகாரம் கேரளத்துக்குப் புதிதல்ல. சுவாதித் திருநாள் மகாராஜா ஆட்சிக் காலத்தில் திருவனந்தபுரத்தில், பத்மநாப சுவாமி கோவிலுக்கு அருகே வைக்கப்பட்ட 'மேத்தன் மணி' புகழ்பெற்றது. மணி அடிக்கும்போது தாடிக்கார முகம் ஒன்று வாய் திறக்கும். இரு பக்கமும் நிற்கும் ஆடுகள் கன்னத்தில் முட்டும். மணி காட்ட இத்தனை வேடிக்கை தேவையில்லை. ஆனாலும் ஜனங்கள் நின்று பார்ப்பது அந்த ஆடுகளைத்தான்.

சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் திரும்பும் வாழ்க்கையில் மணி என்பது எப்போதும் வேறொருவர் சொல்லிக் கேட்பது. கையால் செய்த கடிகாரம் அந்த மணியையேதான் காட்டும். ஆனால் சுவரில் அதைப் பார்க்கிறவருக்கு அது அந்நியமாக இராது. ஊரில் தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்தால், கடையில் வாங்கிய பரிசுக்கு இல்லாத மதிப்பு இதற்கு உண்டு.

மெஷினைப் பொருத்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி. பலகையின் பின்பக்கத்தில் செய்தவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். நல்லதண்ணியில் உள்ள அந்தச் சூரியக் கடிகாரம் எங்கே, எந்த ஆண்டு செய்யப்பட்டது என்ற விவரம் தொலையாமல் இருந்ததால்தான், நூறு ஆண்டுகள் கடந்தும் அது நாசரேத்துக் கைவேலை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிகிறது.