எட்டு மீட்டர் ஆன்டெனாவும் ஒரு கிலோமீட்டர் அலையும்

அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே ஐரிஷ் கடலில் இருக்கிறது மேன் தீவு. பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் வந்தாலும் அது பிரிட்டனின் பகுதியல்ல. சொந்தச் சட்டம், சொந்த நாணயம், ஆயிரமாண்டுப் பழமை உண்டென்று பெருமை பேசும் டின்வால்ட் என்ற நாடாளுமன்றம் எல்லாம் உண்டு. மொத்த மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தொடாது. இந்தத் தீவு 1990களின் கடைசியில், பிரிட்டன், அயர்லாந்து முழுவதும் கேட்கக்கூடிய நெட்டலை வானொலி நிலையம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தது. நிலையத்துக்கு 'மியூசிக்மேன் 279' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. அது ஒருநாளும் ஒலிக்கவில்லை.

தோல்வியடைந்த வானொலி நிலையங்கள் உலகத்தில் ஏராளம். இந்த நிலையம் தனித்து நிற்பதற்குக் காரணம் அதன் ஆன்டெனா. நூற்றுக்கணக்கான மீட்டர் உயரக் கோபுரம் வேண்டிய இடத்தில், அதில் ஒரு சிறு பங்கு உயரமுள்ள புதுவகை ஆன்டெனா போதும் என்று உரிமம் பெற்ற நிறுவனம் நம்பியது. அந்த ஆன்டெனா சொன்னபடி வேலை செய்யும் என்று பொறியியல் உலகம் ஒப்புக்கொண்டிருக்கவில்லை.

நம்மூரில் மத்திய அலை தெரியும், சிற்றலை தெரியும். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அவற்றின் கரகரப்பும் தெரியும். நெட்டலை ஒலிபரப்பு இந்தியாவில் கிடையாது. சர்வதேசப் பங்கீட்டின்படி ஐரோப்பா, ஆப்பிரிக்கா, வட ஆசியாவின் சில பகுதிகளுக்கு மட்டுமே 148.5 முதல் 283.5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அந்தப் பட்டை ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்த அலைகள் பூமியின் வளைவை ஒட்டியே தவழ்ந்து போகும். பகலிலும் இரவிலும் பல நூறு கிலோமீட்டருக்கு ஒரே சீராகக் கேட்கும். ஒரே டிரான்ஸ்மிட்டரால் ஒரு நாட்டையே மூடிவிடலாம். 1975இல் ஜெனீவாவில் போடப்பட்ட ஒப்பந்தம் இந்தப் பட்டையை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. மொத்தம் பதினைந்தே இடங்கள். அவற்றில் கடைசி இடம்தான் 279.

அந்த ஒற்றை இடத்தின் மதிப்பு சாதாரணமானதல்ல. 1989இல் அயர்லாந்தின் மீத் மாவட்டத்திலிருந்து 'அட்லாண்டிக் 252' என்ற நெட்டலை நிலையம் பாப் பாடல்களை ஒலிபரப்பத் தொடங்கி, கடல் தாண்டி பிரிட்டனில் பல லட்சம் இளைஞர்களைப் பிடித்துவிட்டது. மேன் தீவுக்கும் வானொலியில் பழைய சொந்தம் உண்டு. 1964இல் 'ரேடியோ கரோலைன்' கொள்ளை வானொலிக் கப்பல் நங்கூரமிட்டு நின்றது அதன் ராம்சி விரிகுடாவுக்கு வெளியேதான். 1967இல் அதை ஒடுக்க லண்டன் கொண்டுவந்த சட்டத்தை டின்வால்ட் ஏற்க மறுத்தது. லண்டன் தன் அதிகாரத்தைக் கொண்டு அதைத் தீவின்மேல் திணித்தது. அப்படிப்பட்ட தீவுக்கு முறைப்படியே ஒரு பெரிய வானொலி கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

தடையாக நின்றது கோபுரம். 279 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 1,075 மீட்டர், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு மேல். நல்ல செங்குத்து ஆன்டெனா அதில் கால் பங்கு, ஏறக்குறைய 269 மீட்டர், இருக்க வேண்டும். அட்லாண்டிக் 252இன் கம்பம் 248 மீட்டர். பிபிசியின் நெட்டலை நிலையமான டிராய்ட்விச்சில் 213 மீட்டர் உயரத்தில் இரண்டு கம்பங்கள். போலந்து நாடு அரை அலைநீளத்துக்கே ஆசைப்பட்டு கான்ஸ்டான்டினோவில் 646 மீட்டர் கம்பம் எழுப்பி, 1974இல் உலகத்திலேயே உயரமான கட்டுமானம் என்ற பெயரை வாங்கியது. 1991 ஆகஸ்ட் 8 அன்று, இழுவைக் கம்பிகளை மாற்றும் வேலையின்போது அது சரிந்து விழுந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படைத் தளம் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப, நெட்டலையையும்விட மிக நீண்ட அலைகளைப் பயன்படுத்தும் நிலையம் அது. அங்கே நிற்கும் 471 மீட்டர் கம்பங்கள்தான் இந்தியாவிலேயே உயரமான கட்டுமானங்கள். இத்தனை உயரமும் அந்த அலைநீளத்தில் மிகச் சிறு பின்னம்தான். பளிச்சென்று கண்ணில் படும் கம்பத்தை எந்தக் கடற்படையும் விரும்பாது. குட்டையாகக் கட்டி வேலையை முடிக்க வழியிருந்தால் முதலில் கட்டியிருப்பவர்கள் அவர்கள்தான்.

இந்த இடத்தில்தான் 'கிராஸ்டு ஃபீல்டு ஆன்டெனா' கதைக்குள் வருகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மாரிஸ் ஹேட்லியும் எகிப்தியரான ஃபாத்தி கப்பரியும் 1980களில் உருவாக்கியது. தரைத்தளத்துக்குச் சற்று மேலே ஒரு வட்டத் தகடு, அதற்கு மேலே உருளை வடிவில் இன்னொரு உலோகப் பகுதி. இரண்டுக்கும் வெவ்வேறு கட்டத்தில் மின்சாரம் ஊட்டப்படும். ஒன்று மின்புலத்தையும், மற்றது காந்தப்புலத்தையும் தனித்தனியே உண்டாக்கும். இரண்டும் ஆன்டெனாவின் அருகிலேயே சரியான கட்டத்தில் குறுக்கிட்டால் வானொலி அலை அங்கேயே பிறந்துவிடும். ஆகவே உயரம் தேவையில்லை. இதுதான் கண்டுபிடித்தவர்களின் வாதம்.

சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை, கட்டியும் காட்டினார்கள். நைல் கழிமுகத்தில் உள்ள தான்தா நகரில், ஒரு கட்டடத்தின் கூரைமேல், எட்டு மீட்டர் சொச்சம் உயரத்தில் மத்திய அலை ஆன்டெனா ஒன்று நின்றது. வழக்கமான கால் அலைக் கம்பம் என்றால் அங்கே 65 மீட்டர் வேண்டும். நிலையம் ஒலித்தது, மக்கள் கேட்டார்கள். அது பொய்யில்லை.

ஆனால் கேட்டது என்பது போதிய சான்றாகுமா? முப்பது கிலோவாட் டிரான்ஸ்மிட்டரில் ஐந்து சதவீதம் மட்டுமே வானில் ஏறினாலும் ஒன்றரை கிலோவாட் ஆகிறது. ஒரு நகரத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் அது தாராளம். மீதி எங்கே போயிற்று என்று ரேடியோப் பெட்டி சொல்லாது. கூரை ஆன்டெனாவில் இன்னொரு ஐயமும் உண்டு. மின்சாரம் ஊட்டும் கேபிளும் கட்டடத்தின் இரும்பும் தாங்களே அலை பரப்பும். அப்படியானால் உண்மையான ஆன்டெனாவின் உயரம் எட்டு மீட்டர் அல்ல, கட்டடமும் சேர்ந்தது. கனடாவின் ஜான் பெல்ரோஸ் கணினி மாதிரிகளையும் செய்முறை மாதிரிகளையும் கொண்டு இதை ஆராய்ந்தார். மற்றக் குட்டை ஆன்டெனாக்களைப் போலத்தான் இதுவும் நடந்துகொள்கிறது, திறனும் குறைவு என்பது அவருடைய முடிவு.

ஏன் அப்படி? ஆன்டெனாவுக்குள் போகும் மின்சாரத்தை இரண்டு தடைகள் பாகப்பிரிவினை போலப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று, அலையாக வெளியேறும் பங்கு. மற்றது, கம்பியிலும் மண்ணிலும் சூடாக வீணாகும் பங்கு. கால் அலைக் கம்பத்தில் முதல் பங்கு சுமார் 36 ஓம். மண்ணின் இழப்பை 2 ஓம் என்று வைத்தால் பெரும்பகுதி அலையாகிவிடும். 279 கிலோஹெர்ட்ஸில் 20 மீட்டர் கம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பங்கு 0.14 ஓம்தான். அதே மண்ணில் நூற்றுக்கு ஆறு அலையாகும், தொண்ணூற்று நான்கு சூடாகும்.

இழப்பே இல்லாத அதிசய உலோகம் கிடைத்தாலும் இன்னொரு சுவர் நிற்கிறது. குட்டை ஆன்டெனா எவ்வளவு திறமையாகிறதோ அவ்வளவு குறுகிய பட்டையில்தான் இயங்கும் என்று 1940களிலேயே வீலர், சூ என்ற இரு பொறியாளர்கள் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். 20 மீட்டர் ஆரமுள்ள கோளத்துக்குள் அடங்கும் எந்த ஆன்டெனாவுக்கும், அதன் வடிவம் எதுவாக இருந்தாலும், 279இல் கிடைக்கும் பட்டை அகலம் ஏறத்தாழ அரை கிலோஹெர்ட்ஸ். பேச்சும் பாட்டும் போக 9 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். பட்டையை அகலப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு: இழப்பைக் கூட்டுவது. அதாவது, சக்தியைச் சூடாக்குவது.

இதையெல்லாம் தாண்டி மேன் தீவின் தகவல்தொடர்பு ஆணையம் உரிமம் கொடுத்தது. தீவின் வடகோடியில், பிரைட் பகுதியின் கிரான்ஸ்டல் என்ற இடம் பேசப்பட்டது. உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள். அடுத்து ராம்சி விரிகுடாவில் கடலுக்குள்ளேயே மேடை கட்டும் திட்டம் வந்தது. உப்புநீர் மிக நல்ல மின்கடத்தி என்பதால் அந்த யோசனையில் பொறியியல் நியாயம் இருந்தது. அப்படியும் நிலையம் பிறக்கவில்லை.

உரிமம் தருபவர்களின் இக்கட்டையும் சொல்லத்தான் வேண்டும். சர்வதேசப் பதிவேட்டில் ஒரு நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் சக்தியை மட்டும் எழுதினால் போதாது. எவ்வளவு சக்தி எந்தத் திசையில் வெளியேறும் என்பதும் வேண்டும். அதே 279இல் பெலாருஸ் நாடு ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. நிரூபிக்கப்படாத ஆன்டெனாவுக்கு அந்தக் கட்டத்தில் என்ன எண்ணை நிரப்புவது? கண்டுபிடித்தவர் சொல்லும் எண்ணை எழுதினால், அது தவறாகும்போது ஒலிபரப்பு ஊர் எல்லையைத் தாண்டாது, அபூர்வமான அலைவரிசை ஒன்று பல ஆண்டுகள் முடங்கிக் கிடக்கும். விமர்சகர் சொல்லும் எண்ணை எழுதினால் புதுமைக்கு வாசலே திறக்காது.

இந்தப் பூட்டுக்குச் சாவி உண்டு, விலையும் அதிகமில்லை. இழப்பில்லாத குட்டைக் கம்பம் ஒன்று, நன்றாக மின்சாரம் கடத்தும் தரையில், 1 கிலோவாட் சக்தியில், 1 கிலோமீட்டர் தொலைவில் மீட்டருக்கு 300 மில்லிவோல்ட் புலவலிமை தரும். வானொலிப் பொறியாளர்களுக்கு மனப்பாடமான எண் இது. புது ஆன்டெனாவைக் கட்டடமோ நீண்ட கேபிளோ இல்லாத திறந்த வெளியில் நிறுத்தி, 1 கிலோவாட் கொடுத்து, சுற்றிலும் பல திசைகளில் புலவலிமைமானியால் அளக்கலாம். பக்கத்தில் அதே உயரத்தில் சாதாரணக் கம்பம் ஒன்றை நிறுத்தி ஒப்பிடலாம். 300க்கு அருகே வந்தால் கண்டுபிடித்தவர் வென்றார். 75தான் வருகிறதென்றால், புலவலிமை கால் பங்கானால் சக்தி பதினாறில் ஒன்று என்பதால், கதை முடிந்தது. அளப்பவர்கள் விற்பவர்களும் அல்லாத, எதிர்ப்பவர்களும் அல்லாத மூன்றாம் தரப்பாக இருக்க வேண்டும்.

ஒரு கிலோவாட் சோதனைக்குத் தற்காலிக அனுமதி, அளவு தேறினால் மட்டும் முழு உரிமம். நிரூபிக்கப்படாத ஆன்டெனாவோடு யார் வந்து நின்றாலும் ஒழுங்குமுறை ஆணையங்கள் இந்த வரிசையைத்தான் பின்பற்ற வேண்டும். இதைத் தலைகீழாக்க எந்த முதலீட்டாளரின் அவசரத்துக்கும் இடம் கொடுக்கக் கூடாது.