ஊர் விட்டால் பசி விடுமா?

மத்தியான மணி அடித்ததும் நமது பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் குழந்தைகள் தட்டும் கையுமாக வரிசையாய் உட்கார்ந்துவிடுவார்கள். சாதம் பரிமாறுகிற அம்மாள் எந்தக் குழந்தையிடமும், "உன் அப்பாவுக்கு எந்த ஊர்?" என்று விசாரிப்பதில்லை. காமராஜர் முதன்மந்திரியாயிருந்த காலத்தில், 1956-இல் தொடங்கிய ஏற்பாடு அது. பசித்த குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி.

அந்த வரிசையில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உண்டு. பீஹாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவரின் பெண். தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவாள். சென்ற வருஷம் ஒரு நாள், "ராத்திரி வீட்டில் என்ன சாப்பாடு?" என்று பேச்சுவாக்கில் கேட்டோம். "மாசக் கடைசி, ஸார். பாதி நாள் சாப்பாடு உண்டு, பாதி நாள் தூக்கந்தான்" என்றாள். நமக்குச் சுருக்கென்றது.

தகப்பனாரை வரவழைத்தோம். பெண்ணே மொழிபெயர்த்தாள். அவர்களுக்கு ரேஷன் கார்டு இருக்கிறது. ஆனால் இரண்டு நாள் ரயில் பிரயாணத்துக்கு அப்பால், சொந்த ஊரில் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது! கடையில் விலை கொடுத்து அரிசி வாங்கித்தான் ஜீவனம் நடக்கிறது.

நேயர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். 2013-ஆம் வருஷத்துத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஏழைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உரிமை என்று சொல்லிற்று. பரம ஏழைக் குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு 35 கிலோ. உரிமை மனிதனுக்குத்தான், ஆனால் அவன் பெயரோ ஏதோ ஒரு கடையின் பதிவில் கட்டுண்டு கிடந்தது. பிழைப்பைத் தேடி அவன் எல்லை தாண்டினால், தானியம் அங்கேயே நின்றுவிடும். வேலை ஓரிடம், சோறு ஓரிடம் என்று ஆயிற்று.

இது நமது தேசத்தில் மட்டும் பிறந்த வினோதம் அல்ல. இங்கிலாந்தில் 1662-இல் ஒரு சட்டம் செய்தார்கள். புதிதாகக் குடிவந்த ஏழை ஊர்ச் செலவில் உதவி கேட்கக்கூடும் என்று தோன்றினால், வந்த 40 நாளுக்குள் அவனைப் பழைய ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாம். இதனால் வேலை இருக்குமிடத்துக்கு ஆள் போக முடியாமற் போகிறது என்று பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் கண்டித்து எழுதினார். நாமோ யாரையும் விரட்டவில்லை. உணவை மட்டும் ஊரில் நிறுத்திவைத்தோம்!

அதன் பலன் 2020 மார்ச்சில் தெரிந்தது. கொள்ளைநோய்க்காகத் தேசமெங்கும் வேலை நின்றபோது, லட்சக்கணக்கான தொழிலாளர் மூட்டையும் குழந்தையுமாக நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். கூலி போயிற்று, வாடகைக்கு வழியில்லை, கையிலிருந்த கார்டு அந்த ஊரில் செல்லவில்லை. நடப்பதைத் தவிர வேறென்ன செய்வார்கள்?

'ஒரே தேசம், ஒரே ரேஷன் கார்டு' என்ற ஏற்பாடு அதற்கு முன்பே, 2019 ஆகஸ்டில், ஆந்திரம்–தெலங்கானா, குஜராத்–மஹாராஷ்டிரம் என்று இரண்டு ஜோடிகளாகத் தொடங்கியிருந்தது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. மற்ற ராஜ்யங்களும் 2021 ஜூலை 31-க்குள் நிறைவேற்ற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. கடைசியாக அஸ்ஸாம் 2022 ஜூனில் சேர, தேசம் முழுவதும் ஒரு வளையத்துக்குள் வந்தது.

முறை மிக எளிது. கார்டு நம்பரையோ ஆதார் நம்பரையோ சொல்லி, கடையிலுள்ள யந்திரத்தில் விரலை வைத்தால் போதும். தம் பங்கை இங்கே ஒருவர் வாங்கலாம்; மிச்சத்தை ஊரிலிருக்கும் தாயார் அங்கே வாங்கலாம். 2023 ஜனவரி முதல் இந்தத் தானியத்துக்கு விலையும் இல்லை. நாலு பேர் குடும்பத்துக்கு 20 கிலோ. கடையில் கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 1,000 ரூபாய் மிச்சம்.

இந்த விவரம் அந்தத் தகப்பனாருக்குத் தெரியாது. கூடவே கடைக்குப் போனோம். "ஸார், இது வெளி ராஜ்யத்துக் கார்டு. இங்கே செல்லாது" என்றார் கடைக்காரர். "செல்லும், தயவுசெய்து போட்டுப் பாருங்கள்" என்றோம். யந்திரமும் அந்த நம்பரை ஒப்புக்கொண்டது. ஆனால் அவருடைய கட்டைவிரலை ஒப்புக்கொள்ளவில்லை! சிமிண்டும் செங்கல்லும் ரேகையைத் தேய்த்துவிட்டிருந்தன. பத்து விரலும் வைத்தாயிற்று. கடைசியில் மனைவியை அழைத்துவந்து அவள் விரலை வைத்த பிறகே அரிசி கிடைத்தது. தனியாக வந்திருக்கும் ஆண்பிள்ளைக்கு யார் விரல் உதவும்?

"நம் வரிப் பணத்தில் வெளியூர்க்காரருக்குச் சோறா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். இந்தத் தானியம் மத்திய சர்க்காரின் களஞ்சியத்திலிருந்து, தேசத்தார் எல்லோருடைய பணத்திலும் வருவது. நாம் குடியிருக்கப் போகும் மாடியைக் கட்டுகிறவரும் கடையில் வாங்கும் சோப்புக்கு வரி கொடுத்தே வாங்குகிறார். தவிர, பம்பாய்த் தாராவியில் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வருகிறார்களே, அவர்களை வெளியூர்க்காரர் என்று தள்ளினால் நமக்குப் பொறுக்குமா?

ஆயினும் வேலி முழுவதும் விழுந்துவிடவில்லை. பருப்பு, சர்க்கரை, பாமாயில் போல ராஜ்ய சர்க்கார் தன் செலவில் மலிவாய்க் கொடுப்பவை இந்த ஏற்பாட்டில் சேரா. அதைவிடப் பெரிய குறை, எந்த ஊரிலும் கார்டே இல்லாதவர்களுடையது. 2011 ஜனத்தொகைக் கணக்கை வைத்து 81.35 கோடிப் பேர் என்று எல்லை கட்டினார்கள். 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு அந்த வருஷம் எடுக்கப்படவில்லை. இடையே பிறந்த குழந்தைகளும் புதிதாய் ஏழையானவர்களும் எந்தக் கடை வாசலில் நிற்பார்கள்? இல்லாத கார்டை எந்த ஊருக்கு எடுத்துச் செல்வது?

சர்க்கார் செய்ய வேண்டியது இருக்க, நம்மால் ஆவதும் ஒன்று உண்டு. நம் தெருவில் வீடு கட்டுகிறவரிடமும், ஹோட்டலில் இலை எடுக்கும் பையனிடமும், "உங்கள் கார்டு இங்கேயும் செல்லும்" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். பாஷை தெரியாதவருக்காக ஒரு தடவை கடைவரை கூடப் போகலாம்.

அந்தச் சிறுமியை அடுத்த மாதக் கடைசியில் மறுபடி கேட்டோம். "நேற்று ராத்திரி சாதம், ஸார்" என்று சொல்லிவிட்டு, அதில் ஒன்றும் விசேஷமில்லாதது போல் விளையாட ஓடிவிட்டாள்.