கையால் திருகும் வில்லை

குளத்தின் ஓரத்தில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, காய்ந்த குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் செந்நிறத் தும்பி ஒன்று வந்து அமர்கிறது. நொடிப்பொழுதில் அது எழுந்து, பறக்கும் பூச்சி ஒன்றைப் பற்றிக்கொண்டு, மீண்டும் அதே நுனிக்குத் திரும்புகிறது. அதனைப் படம் பிடிக்க வந்தவர் தும்பியின் பின்னே ஓடுவதில்லை. படப்பெட்டியைக் குச்சிக்கு நேராக வைத்து, அதன் முன்புறத்து வளையத்தை மெல்லத் திருகி, குச்சியின் நுனி கூர்மையாகத் தெரியும்படி அமைத்துக்கொண்டு, அசையாது காத்திருக்கிறார். அவர் பயன்படுத்துவது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட வில்லை. தொலைவைத் தானே அறிந்து அமைத்துக்கொள்ளும் பொறி எதுவும் அதில் இல்லை. ஆகவே, தும்பி எங்கே வந்து அமரும் என்பதை அவர்தாம் முன்கூட்டி அறிந்திருத்தல் வேண்டும்.

லென்ஸ் என்று வழங்கும் வில்லையே படப்பெட்டியின் கண்ணாகும். நம் கண்ணிலுள்ள வில்லை தசைகளின் உதவியால் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு, அருகிலுள்ளதையும் தொலைவிலுள்ளதையும் தெளிவாகக் காட்டுகிறது. கண்ணாடி வில்லைக்கு அவ்வாறு வடிவம் மாற இயலாது. அஃது இடம் பெயர்தல் ஒன்றே வழி. வளையத்தைத் திருகும்போது உள்ளிருக்கும் திருகுமரைகள் வில்லையை முன்னும் பின்னும் நகர்த்துகின்றன. அருகிலுள்ள பொருளுக்கு வில்லை முன்னே வரவேண்டும்; தொலைவிலுள்ள பொருளுக்குப் பின்னே செல்லவேண்டும். எத்தனை மீட்டர் தொலைவிற்கு வில்லை அமைந்துள்ளது என்பதை வளையத்தின்மீது பொறித்த எண்கள் தெரிவிக்கும்.

மற்றொரு வளையம் ஒளியை ஆள்வது. வில்லையினுள் மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நடுவே ஒரு துளையை விட்டு நிற்கின்றன. அத்துளையின் அளவை 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் எண்களால் குறிப்பர். எண் பெருகப் பெருகத் துளை சிறுகும். தொடக்கத்தில் இது மாணவரைச் சற்றுக் குழப்பவே செய்யும். ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணிற்குச் செல்லும்போது, உட்புகும் ஒளி பாதியாகக் குறைகிறது. துளை சிறுகினால் ஒளி குறைவதோடு, படத்தில் தெளிவாக விழும் ஆழமும் மிகுகிறது. 50 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள வில்லையை ஐந்து மீட்டருக்கு அமைத்து, துளையை 2 என்னும் எண்ணில் வைத்தால், ஏறத்தாழ நாலரை மீட்டர் முதல் ஐந்தரை மீட்டர் வரையில் உள்ளவையே தெளிவாக இருக்கும். 8 என்னும் எண்ணில் வைத்தாலோ, மூன்றரை மீட்டர் முதல் ஒன்பது மீட்டர் வரை அனைத்தும் தெளிவுறும்.

தெருவில் நிகழும் அன்றாடக் காட்சிகளைப் படமெடுப்போர்க்கு இக்கணக்கே பெருந்துணை. அவர்கள் தொலைவை முன்னதாகவே அமைத்துவிடுகின்றனர். மனிதர் அந்த எல்லைக்குள் வரும்போது விசையை அழுத்தினாற் போதும். பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன், கையடக்கமான லைக்கா படப்பெட்டியில் 50 மில்லிமீட்டர் வில்லையைப் பூட்டிக்கொண்டே தம் படங்களுள் பெரும்பாலானவற்றை எடுத்தார். 1932-ஆம் ஆண்டில், பாரிசு நகரத்துச் சான் லாசார் இரயில் நிலையத்தின் பின்புறத்தில், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் ஒருவரை அவர் வேலியின் இடைவெளி வழியே படம் பிடித்தார். குதித்தவரின் குதிகால் நீரைத் தொடப்போகிறது, இன்னும் தொடவில்லை. வளையத்தைத் திருகிக்கொண்டிருக்க அங்கே நேரம் ஏது?

காட்டு விலங்குகளைப் படமெடுத்தலில் நம் நாட்டில் முன்னோடியாக விளங்கியவர் மா. கிருஷ்ணன். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகிய இவர் 1912-ஆம் ஆண்டில் பிறந்து, 1996-இல் மறைந்தார். பல கருவிகளின் உறுப்புகளை ஒன்றாக இணைத்து அமைத்த கனமான படப்பெட்டி ஒன்றை வைத்திருந்த அவர், அதற்குச் ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். முதுமலை முதலிய காடுகளில் யானைகளையும் பிற விலங்குகளையும் கறுப்பு வெள்ளையில் அவர் படமெடுத்தார். யானை அடுத்து என்ன செய்யும் என்பதை அறியாதவருக்கு அத்தகைய கருவியால் பயன் சிறிதே. கிருஷ்ணனோ படக்கலைஞர் மட்டுமல்லர். விலங்குகளின் இயல்பைப் பல்லாண்டுகள் கூர்ந்து நோக்கி எழுதி வந்த இயற்கை அறிஞரும் ஆவார்.

1985-இல் மினோல்டா 7000 என்னும் படப்பெட்டி வந்தபின், தொலைவைத் தானே கணிக்கும் முறை பரவலாயிற்று. இன்றைய படப்பெட்டிகள் பறவையின் கண்ணைத் தாமே கண்டு பின்தொடர்கின்றன. செய்தியாளருக்கும் விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுப்போர்க்கும் அவையே ஏற்றவை, இதில் ஐயமில்லை. கையால் திருகுவோர் இழக்கும் படங்கள் பல. பறவை கிளையிலிருந்து பறந்துவிடும். குழந்தையின் சிரிப்பு மறைந்துவிடும். எஞ்சுவது மங்கலான ஓர் உருவமே. அவ்வாறிருந்தும் பழைய வில்லைகளைத் தேடி வாங்குவோர் பலர் உள்ளனர்.

அவர்கள் பெரிதும் விரும்புவனவற்றுள் சோவியத்து நாட்டில் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44 ஒன்று. ஜெர்மானிய நிறுவனமாகிய சைஸ் செய்த பயோட்டார் என்னும் வில்லையை ஒட்டி அமைந்தது அது. அதன் குவியத்தூரம் 58 மில்லிமீட்டர்; உள்ளே ஆறு கண்ணாடிகள் உள்ளன. துளையை முழுதும் திறந்து, இலைகள் அடர்ந்த மரத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால், இலைகளினூடே வரும் ஒளிப்புள்ளிகள் ஓரங்களில் பூனைக்கண் போல நீண்டு, நடுவிலுள்ள பொருளைச் சுற்றிச் சுழல்வன போலத் தோன்றும். ஓரத்தில் சாய்ந்து வரும் ஒளிக்கற்றையை வில்லையின் விளிம்பு ஒரு பகுதி மறைத்துவிடுவது இதற்கு முக்கியமான காரணம். வில்லை வகுப்போர் நீக்க முயன்ற குறை இது. இன்றோ அதற்காகவே அதனை விலைகொடுத்து வாங்குகின்றனர்! இவ்வில்லையால் அரை மீட்டர் அருகிலுள்ள பனித்துளியைத் துளை முழுதும் திறந்து எடுக்கும்போது, தெளிவின் ஆழம் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. படமெடுப்பவர் மூச்சு விட்டாலே துளி மங்கிவிடும்.

பழைய வில்லை புதிய படப்பெட்டியில் எவ்வாறு பொருந்துகிறது? முந்தைய படப்பெட்டிகளில் வில்லைக்கும் பிலிமுக்கும் இடையே சாய்ந்த ஆடி ஒன்று நின்றது. அதற்கு இடம் வேண்டி, 42 மில்லிமீட்டர் மரையுள்ள வில்லைகளைப் பிலிமிலிருந்து ஏறத்தாழ நாற்பத்தைந்தரை மில்லிமீட்டர் தள்ளிப் பூட்டினர். 2008-ஆம் ஆண்டுக்குப் பின் பரவிய ஆடியில்லாப் படப்பெட்டிகள் பலவற்றில் இத்தொலைவு இருபது மில்லிமீட்டர் அளவே. குறையும் இடைவெளியை உள்ளீடற்ற ஓர் உலோக வளையம் நிரப்பிவிடுகிறது. மேலும், இப்படப்பெட்டிகளின் சிறு திரையில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருகலாம். புதுமையே பழைய வில்லைகளுக்கு மறுவாழ்வு அளித்தது வியப்பன்றோ?

கண்ணாடி எளிதில் மூப்படைவதில்லை. திருகுமரைகளில் இட்ட பசை உலர்ந்துபோனால், துடைத்துப் புதியது இடலாம். ஈரக்காற்று மிகுந்த ஊர்களில் இவற்றிற்குப் பெரும்பகை பூஞ்சையே. தோலுறையிலிட்டு இருட்டறையில் பூட்டிவைத்த வில்லையில் சிலந்திவலை போன்ற இழைகள் படர்ந்து, கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். அரித்த வடு துடைத்தாலும் நீங்காது. இதனை அறிந்தோர், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு மூடிய பெட்டியில் வில்லைகளை வைக்கின்றனர். அவ்வப்போது வெளியே எடுத்து, வளையங்களைத் திருகிப் பார்த்து, ஒளிக்கெதிரே பிடித்து உள்ளே நோக்கிய பின்னரே மீண்டும் வைக்கின்றனர்.