நாலு ஜிபி மடிக்கணினி ஏன் திணறுகிறது?



நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனால் பெற்றோர் என்னிடம் தவறாமல் கேட்பது இதுதான்: "கடன்பட்டுப் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தோம் ஐயா. பாடத்தைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. இவன் விளையாடிக் கெடுத்துவிட்டானா?"

பையனைத் திட்டாதீர்கள். 2020, 2021இல் பள்ளிகள் மூடிக்கிடந்து வீட்டிலேயே பாடம் நடந்தபோது அவசரத்தில் வாங்கியவை பல. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை 4 ஜிபி நினைவகம் கொண்டவை. நினைவகம் என்றால் படங்களையும் பாடங்களையும் சேமித்து வைக்கும் இடமல்ல. வேலை நடக்கும்போது பொருள்களைப் பரப்பி வைக்கும் மேசை. அந்த மேசையில் பெரும்பகுதியை விண்டோஸே பிடித்துக்கொள்கிறது.

மிச்சத்தைப் பிடிப்பவை இன்றைய செயலிகள். முன்பெல்லாம் ஒரு மென்பொருளை விண்டோசுக்கென்றே எழுதுவார்கள். அது விண்டோசில் ஏற்கெனவே உள்ள உறுப்புகளைப் பயன்படுத்திக்கொள்ளும். இப்போது பல செயலிகள் உண்மையில் இணையப் பக்கங்களே. அவற்றைத் திறந்து காட்ட, குரோமியம் என்ற முழு உலாவியையும் உள்ளே சுமந்து வருகின்றன. இதற்கான எலக்ட்ரான் என்னும் கருவியை கிட்ஹப் நிறுவனம் 2013இல் தொடங்கியது. ஸ்லாக், டிஸ்கார்ட் போன்றவை இதில் உருவானவை.

கோயில் திருவிழாவுக்குத் தோட்டமே ஒரே அடுப்பில் சமைக்கும். இந்தச் செயலிகளோ ஆளுக்கோர் அண்டாவும் அடுப்புமாக வந்து இறங்குகின்றன. மூன்று செயலி திறந்தால் மூன்று உலாவி. அதிலும் ஒவ்வொன்றும் திரைக்கு, படத்திற்கு, இணையத்திற்கு எனப் பல கூறுகளாகப் பிரிந்து ஓடும். அப்படிப் பிரிப்பது பாதுகாப்புக்கு நல்லதுதான். இடம்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

நிறுவனங்கள் இதை விரும்பக் காரணம், ஒருமுறை எழுதினால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் என்பதே. அவர்களுக்குச் சம்பளம் மிச்சம். அந்தச் செலவு நம் வீட்டு மேசைக்கு வந்து சேர்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

மேசை நிறைந்துவிட்டால் விண்டோஸ் சிலவற்றை வன்தட்டுக்கு மாற்றி, வேண்டும்போது திரும்ப எடுக்கும். பழைய சுழலும் வன்தட்டில் அதற்கு வெகுநேரமாகும். பிள்ளையின் பாடம் நிற்பது அப்போதுதான்.

குறைக்க முடியாததல்ல இது. 2023இல் மைக்ரோசாப்ட் தன் டீம்ஸ் செயலியை எலக்ட்ரானிலிருந்து மாற்றி அமைத்து, நினைவகத் தேவை பாதியானது என்றது. வாட்ஸ்அப் எதிர்த்திசையில் போயிற்று: 2022இல் விண்டோசுக்கென்றே தந்த செயலியை 2025இல் மீண்டும் இணைய வழிக்கே கொண்டுபோனது.

இன்றிரவே ஒன்று செய்து பாருங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற பட்டியல் வரும். கணினி தொடங்கும்போதே தானாக எழும் செயலிகளை அங்கேயே நிறுத்தலாம். பெருக்கல் குறியை அழுத்தினால் செயலி மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். சில, கடிகாரத்தின் பக்கத்தில் ஒளிந்து ஓடிக்கொண்டே இருக்கும். தனித்தனியாக நிறுவாமல் எல்லாவற்றையும் ஒரே உலாவியில் திறந்து, வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்தை மூடினால் இடம் திரும்பக் கிடைக்கும்.

புதியது வாங்குமுன் கடைக்காரரிடம் நினைவகத்தைக் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். சில மடிக்கணினிகளில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது.